பிணியின் போக்கை முன்னறிதல்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





நமது ஆண்டு விழா மேடையிலே சமயம், இலக்கியம், இசை ஆகியவை பற்றிப் பேசுவதே வழக்கம். இம்முறை மருத்துவப் பொருள் ஒன்றைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதிலும், சபையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஓர் உறுப்பைப் பற்றியே பேசப் போகின்றேன். சிறுநீர்ப்பையில் உண்டாகும் புற்றுநோய் யாரிடத்தில் முற்றும், யாரிடத்தில் முற்றாது என்பதை, உடலிலுள்ள புரதங்களைக் கொண்டு முன்னதாகவே அறிய இயலுமா என்பதுதான் பொருள். உடம்பைக் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அவர் வழிவந்த நமக்கு, அக்கோயிலின் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசவும் கூச்சம் வேண்டியதில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, வைத்தியன் மூன்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். நோயாளி எத்தகையவன் என்பது ஒன்று. நோய் எவ்வளவினது என்பது ஒன்று. காலம் எத்தகையது என்பது ஒன்று. இம்மூன்றையுமே என் பேச்சுக்கு வரம்பாக வைத்துக்கொள்கின்றேன். முதலில் நோயைப் பார்ப்போம்.

நோயின் இயல்பு

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்திலுள்ள கழிவை வடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே அனுப்புகின்றன. அதனை வாங்கித் தேக்கி வைத்திருப்பது சிறுநீர்ப்பை. வளர்ந்த ஒருவரின் பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அதன் சுவரில் உள்ளேயிருந்து வெளியே மூன்று அடுக்குகளைக் காணலாம். உள்ளே மெல்லிய தோல் போன்ற படலம். அதன் கீழே குருதிக் குழாய்கள் ஓடும் மென்மையான இழையம். அதற்கும் அப்பால் தடித்த தசை.

புற்றுநோய் பெரும்பாலும் உட்படலத்திலேதான் தோன்றுகின்றது. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேரிடம் அது தசையைத் தொடாமலே இருக்கும். அந்நிலையில், நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியாகவே செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமல் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். தசையுள் புகுந்துவிட்டாலோ பையையே அகற்ற நேரிடும். அங்கிருந்து நோய் உடலெங்கும் பரவவும் கூடும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6 இலட்சத்து 14 ஆயிரம் பேரிடம் இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் மாண்டனர். நோயுற்றவர்களில் நால்வருக்கு மூவர் ஆண்கள்.

இந்நோயின் காரணங்களை ஆராயத் தொடங்கியது சாயத் தொழிற்சாலையிலே. 1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்துச் சத்திர வைத்தியர் லுட்விக் ரேன், செஞ்சாயம் காய்ச்சும் தொழிலாளர் சிலரிடம் சிறுநீர்ப்பைக் கட்டி உண்டாவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அத்தகைய சாயப் பொருள்களிலுள்ள நச்சுக்களிற் சில புகையிலைப் புகையிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. வாயால் இழுத்த புகை பையை எவ்வாறு கெடுக்கும் என்று கேட்பீர்கள். நுரையீரலில் புகுந்த நஞ்சு இரத்தத்திற் கலக்கின்றது. சிறுநீரகம் அதனை வடித்து அனுப்புகின்றது. பை அதை மணிக்கணக்காகத் தேக்கி வைத்திருக்கின்றது. அத்தனை நேரமும் உட்படலம் நஞ்சில் ஊறுகின்றது. இந்நோயாளரில் ஏறத்தாழச் செம்பாதியினருக்குப் புகைத்தலே காரணம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பீடியும் சுருட்டும் சிகரெட்டும் இவ்விடயத்தில் ஒரு குலத்தவையே.

ஒரே தோற்றம், இரு வேறு குணம்

இனி, நமது பொருளின் முடிச்சுக்கு வருவோம். சுரண்டி எடுத்த பின்பு இக்கட்டி மீண்டும் முளைக்கும் பழக்கமுடையது. களை பிடுங்கிய மலையில் மறுபடியும் களை முளைப்பது போல, பையின் வேறோர் இடத்தில் அது தலைகாட்டும். சிலரிடம் எத்தனை முறை முளைத்தாலும் மேலோடு நின்றுவிடும். வேறு சிலரிடம் ஓரிரு ஆண்டுகளுக்குள் தசைக்குள் வேர் இறங்கிவிடும். முதல் நாளில் விளக்குக் குழாயினூடாகப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம்.

இவ்வேறுபாட்டின் அளவை 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கு நன்கு காட்டுகின்றது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்குமான ஐரோப்பிய அமைப்பினர், 7 பரிசோதனைகளில் பங்குகொண்ட 2,596 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தனர். கட்டிகளின் எண்ணிக்கை, அவற்றின் பருமன், முன்னர் எத்தனை விரைவில் மீண்டும் வந்தன என்பது, வேரின் ஆழம், கலங்களின் தோற்றம், படலத்தில் தட்டையாகப் படர்ந்த புற்று உண்டா என்பது ஆகிய ஆறையும் புள்ளியிட்டுக் கூட்டினர். மிகக் குறைந்த புள்ளி பெற்றவர்களில் 5 ஆண்டுகளுக்குள் நோய் முற்றியோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. மிகக் கூடிய புள்ளி பெற்றவர்களில் நூற்றுக்கு 45 பேர். ஒரே பெயருடைய நோய்க்குள்ளே இத்தனை தூரம்.

இரு முனைகளிலும் உள்ளவர்களை இக்கணக்கு நன்றாகப் பிரித்துவிடுகின்றது. இடையில் நிற்பவர்களின் நிலைதான் இடர். அவர்களுக்குப் பையை உடனே அகற்றினால், காத்திருந்தாலும் கேடில்லாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் வயிற்றோடு ஒரு பையைக் கட்டிச் சுமக்க நேரலாம். அகற்றாமற் காத்திருந்தாலோ, காப்பாற்றக்கூடிய ஓர் உயிர் கைநழுவிப் போகலாம். இந்த இடத்திலேதான் வைத்தியர்கள் இன்னும் நுட்பமான அடையாளங்களைத் தேடுகின்றனர்.

புரதம் சொல்லும் செய்தி

கலம் ஒவ்வொன்றும் ஒரு தொழிற்சாலை போன்றது என்று பாடசாலையிற் படித்திருப்பீர்கள். அதன் வேலைகளை நடத்துபவை புரதங்கள். கலம் கெடும்போது சில புரதங்கள் மிகுகின்றன, சில குறைகின்றன, சில உருமாறுகின்றன. கட்டியிலிருந்து எடுத்த இழையத் துண்டை மெல்லிதாகச் சீவி, குறித்த ஒரு புரதத்தையே பற்றும் பிறபொருளெதிரியை அதன்மேல் இட்டுச் சாயம் ஏற்றினால், அப்புரதம் உள்ள இடம் நுணுக்குக்காட்டியில் பழுப்பு நிறமாகத் தெரியும். நோயின் போக்கை இவ்வாறு காட்டக்கூடிய புரதத்தைக் குறிகாட்டி என்கிறோம்.

சிலவற்றைச் சொல்கின்றேன். கீ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் கலங்களில் மட்டும் காணப்படும் புரதம். 1983ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கீல் நகரத்தில் கண்டறியப்பட்டதால் இப்பெயர். நூறு கலங்களில் எத்தனை இச்சாயத்தை ஏற்கின்றன என்று எண்ணினால், கட்டி வளரும் வேகம் தெரியவரும். ஈ-கதரின் என்பது கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம். கல்லையும் கல்லையும் சேர்க்கும் சாந்து போன்றது. சாந்து உதிர்ந்தால் கல் கழன்று விழும். அவ்வாறே இப்புரதம் குறைந்த கட்டியின் கலங்கள் பிரிந்து சுவருக்குள் ஊடுருவும் இயல்புடையவை.

எவ்.ஜீ.எவ்.ஆர்.-3 என்னும் புரதத்தின் கதை சற்று வியப்பானது. கலத்தின் மேற்பரப்பில் நின்று, வளர்வாய் என்னும் கட்டளையை வாங்கி உள்ளே சேர்ப்பது அதன் தொழில். அதன் பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்டால், கட்டளை வராதபோதும் கலம் வளரும். ஆயினும் இவ்விகாரம் மிகுதியாகக் காணப்படுவது மேலோடு நிற்கும் சாதுவான கட்டிகளிலேதான். கெட்டது என்று நினைத்த ஒன்று இவ்விடத்தில் நற்குறியாக நிற்கின்றது. நோய் முற்றிப் பரவியவர்களில் இவ்விகாரம் உடையோருக்கென எர்டாபிட்டினிப் என்னும் மருந்துக்கு 2019ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

சிறுநீரிலே தேடப்படும் புரதங்களும் உள. என்.எம்.பி.-22 என்பதனைக் கொண்டு நோய் மீண்டும் வந்ததா என்று பார்க்கும் முறையை 1996ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் கல் அடைத்தாலும் கிருமி தொற்றினாலும் அது மிகுவதுண்டு. ஆகவே விளக்குக் குழாயிட்டுப் பார்ப்பதற்கு அதனை ஈடாகக் கொள்ள முடியவில்லை.

காவற்காரனின் சாட்சியம்

குறிகாட்டிகளுள் பெரும்புகழ் பெற்றது பி-53 என்னும் புரதம். 1979ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இது, கலத்துக்குள் ஒரு காவற்காரன். பரம்பரையலகுகளிலே பழுது கண்டால், பெருகாதே நில் என்று கலத்தைத் தடுக்கும். பழுது தீராவிடில் கலத்தையே மாய்த்துவிடும். நல்ல பி-53 தன் வேலை முடிந்ததும் நிமிடக்கணக்கில் அழிந்துபோகும். விகாரமுற்ற பி-53 அழியாமற் கருவுக்குள் குவிந்து கிடக்கும். எனவே சாயத்தில் அது மிகுதியாகத் தெரிந்தால், காவல் கெட்டுவிட்டது என்று பொருள்.

1994ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பை அகற்றப்பட்ட 243 நோயாளரின் இழையத்தை ஆராய்ந்தபோது, பி-53 குவிந்திருந்தவர்களிடம் நோய் மீளுவதும் மரணமும் மிக அதிகமாக இருந்தன. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. பி-53ஐப் பார்த்தே யாருக்குக் கடும் மருந்து கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று தீர்மானித்துவிடலாமே என்று பலர் எண்ணினர்.

ஆயினும் எண்ணியதோடு நின்றுவிடாமல் அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். இதுவே நாம் போற்ற வேண்டிய பண்பு. 499 நோயாளரின் இழையம் பார்க்கப்பட்டது. 272 பேரிடம் பி-53 குவிந்திருந்தது. அவர்களில் இசைந்த 114 பேரைச் சீட்டுப் போடுவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை அளித்தனர். மறு பகுதியினரைக் கண்காணித்து மட்டும் வந்தனர். பயன் தெரியும் என்ற நம்பிக்கை அற்றுப்போகவே, இடையில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினர். 2011ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடில்லை. அதைவிட முக்கியமாக, பி-53 குவிந்தவர்களுக்கும் குவியாதவர்களுக்கும் இடையிலும் எதிர்பார்த்த வேறுபாடு தோன்றவில்லை. பங்குகொள்ள மறுத்தவர்கள் பலர். ஆகவே இதனை இறுதித் தீர்ப்பு என்று சொல்வதற்கில்லை. எனினும், ஓரிடத்தில் நன்றாகச் சொன்ன சாட்சி வேறிடத்தில் தடுமாறும் என்பது புலனாயிற்று.

ஏன் தடுமாறுகின்றது? ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் சாயமேற்றும் முறை சற்று மாறுகின்றது. நூற்றுக்குப் பத்துக் கலங்கள் பழுத்தால் மிகுதி என்பார் ஒருவர். இருபது என்பார் இன்னொருவர். சிறு தொகையினரிடம் கண்ட உண்மை பெருந்தொகையினரிடம் கரைந்துபோவதும் உண்டு. இதனாலேதான் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தினர் 2021ஆம் ஆண்டில் நோயாளரைப் பிரிக்கும் முறையைப் புதுப்பித்தபோதும், எந்தப் புரதக் குறிகாட்டியையும் அதிற் சேர்க்கவில்லை. கட்டியின் தொகை, பருமன், ஆழம், தோற்றம், நோயாளியின் வயது ஆகிய பழைய அடையாளங்களே இன்றும் வழிகாட்டுகின்றன.

நம்மவர் பங்கு

இத்துறையில் நம்மவர் பின்தங்கி நிற்கவில்லை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். தமிழ்ப் பெயர் தாங்கிய அருள் சின்னையன் என்னும் அறிஞர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகின்றார். அவரும் சூரியநாராயண வரம்பள்ளி முதலிய துணைவர்களும் 2002ஆம் ஆண்டில், புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் முற்றும்போது ஈ.இசட்.எச்.-2 என்னும் புரதம் மிகுவதை உலகுக்குக் காட்டினர். பல பரம்பரையலகுகளின் வாயை அடைத்துவிடும் புரதம் அது. பின்னர் சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் அது மிகுவதைப் பிறர் கண்டனர்.

இன்னொன்றைச் சொல்வதற்கு முன், உங்கள் கையைச் சற்றுப் பாருங்கள். குழந்தையாயிருந்தபோது காசநோய்க்குக் காப்பாக இட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு நம்மிற் பலருக்கு இருக்கும். கல்மெற், கெரின் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் ஆக்கிய இக்கிருமி மருந்தினைத் தமிழ்நாட்டில் சென்னைக் கிண்டியில் 1948ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வுகூடம் தயாரிக்கத் தொடங்கியது. அதே மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் மேலோட்டமான புற்று அடங்குவதை 1976ஆம் ஆண்டில் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் என்பவர் 9 நோயாளரிடம் காட்டினார். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செலுத்துவது தொடக்க முறை. ஆபத்து மிகுந்த கட்டிக்கு இன்றும் பெருந்துணை இதுவே. ஆயினும் சிலருக்கு இது பலிக்காது. பலிக்காதவர் யார் என்பது முன்னரே தெரிந்தால், காலம் வீணாகாது.

இந்திய வம்சாவளியினரான அஷீஷ் காமத் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். பி.சி.ஜி. செலுத்தியதும் உடலின் காவற்படை கிளர்ந்தெழுந்து பல புரதங்களைச் சிறுநீரில் சுரக்கின்றது. அவற்றுள் ஒன்பதின் ஏற்ற இறக்கத்தை ஒருங்கு வைத்துக் கணக்கிட்டால், யாருக்கு நோய் மீளும் என்பதைப் பெரும்பாலும் முன்னறியலாம் என்று 2016ஆம் ஆண்டில் எழுதினர். ஒற்றைச் சாட்சியை நம்பாமல் ஒன்பது சாட்சிகளை ஒருங்கே விசாரிக்கும் முறை இது. பல நாடுகளிலும் சோதித்து உறுதிப்பட்ட பின்பே இத்தகைய கணக்கு நோயாளியின் கட்டிலருகே வரும்.

சாதகமும் குறிகாட்டியும்

பெரியோர்கள் இங்கே ஒரு வினா எழுப்பலாம். பிள்ளை பிறந்ததும் சாதகம் கணிக்கிறோம்; இதுவும் ஒருவகைச் சாதகந்தானோ? சாதகத்தைப் பற்றி வாதிட நான் வரவில்லை. வேறுபாட்டை மட்டும் சொல்கின்றேன். சாதகம் இன்ன பெயருடைய இவருக்கு இன்னது நடக்கும் என்று சொல்லும். குறிகாட்டியோ, இவரைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு நோய் முற்றும் என்று மட்டுமே சொல்லும். அந்த நூற்றுவரில் இவர் எந்தப் பக்கம் என்று அதனாற் சொல்ல இயலாது. நூற்றுக்கு 45 என்று கேட்டவர் மனம் உடைந்துவிடலாகாது. மற்ற 55 பேரும் அதே நூறில்தான் இருக்கின்றனர். நூற்றுக்கு ஒன்று என்று கேட்டவரும் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

மேலும், ஒரு குறிகாட்டி நம்பத்தக்கதா என்று கேட்பதோடு, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்றும் கேட்க வேண்டும். தெரிந்த பின்னும் சிகிச்சை மாறாதென்றால், அந்த அறிவால் நோயாளிக்குக் கவலையே மிச்சம்.

நோயாளியின் நிலை

இதுவரை நோயின் அளவைப் பார்த்தோம். நோயாளியின் நிலையையும் பார்க்கச் சொன்னாரல்லவா வள்ளுவர்? அதனை நமது ஊரில் வைத்தே பார்ப்போம்.

ஐரோப்பிய விதிப்படி, ஆபத்துக் குறைந்த கட்டி உடையவர் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதத்திலும், பின்னர் ஓராண்டு முடிவிலும், அதன்பின் ஐந்தாம் ஆண்டு வரை ஆண்டுக்கொரு முறையும் விளக்குக் குழாய்ப் பரிசோதனைக்கு வர வேண்டும். கூட்டினால் 5 ஆண்டுகளில் 6 முறை. ஆபத்து மிகுந்தவர் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறையும், அடுத்த மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கொரு முறையும் வர வேண்டும். கூட்டினால் 14 முறை.

நகரத்திலிருப்பவருக்கு இது எட்டு முறை கூடுதலாகப் பேருந்தில் ஏறி இறங்கும் காரியம். வெலிமடைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு அவ்வாறன்று. விடியுமுன் எழுந்து றோட்டுக்கு இறங்க வேண்டும். பதுளைக்கோ கண்டிக்கோ மகரகமவுக்கோ போக வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது. துணைக்குப் போகும் மகனுக்கோ மருமகளுக்கோ பேர் விழாது. ஒரே நாளில் திரும்பினாலும், 14 பயணத்துக்கு இருவருக்குமாக 28 நாட்பேர் போய்விடும். பி.சி.ஜி. மருந்துக்கான ஆறு வாரங்கள் இதில் அடங்கவில்லை. மருந்துக்குப் பணம் கேளாத அரசாங்க வைத்தியசாலை நம் நாட்டின் பெரும்பேறு. ஆயினும் வழிச்செலவையும் இழந்த பேரையும் அது ஈடு செய்யாது. நாலாம் ஐந்தாம் முறையோடு, நோவுதான் இல்லையே என்று நின்றுவிடுகிறார்கள். நோய் உள்ளே வேர்விடுவதற்கு அதுவே போதும்.

ஆகவே, நம்பத்தக்க ஒரு குறிகாட்டியால் யாருக்கு மிக்க நன்மை என்று கேட்டால், எளியவருக்கே என்பேன். 6 முறை போதும் என்று ஒருவருக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தால் எட்டுப் பயணம் மிச்சம். 14 முறையும் கட்டாயம் வர வேண்டும் என்று இன்னொருவருக்குக் காரணத்தோடு சொல்ல முடிந்தால், அவரும் அவர் குடும்பத்தாரும் அந்தப் பேரை இழக்கத் துணிவார்கள். ஒரு சீமை ஆராய்ச்சி நமது லயத்தின் வாசலுக்கு வருவது இப்படித்தான்.

காலம்

மூன்றாவது, காலம். ஆய்வுகூடத்துக் குறிகாட்டிகள் வரும்போது வரட்டும். அதற்கு முன்னரே உடல் தானாகக் காட்டும் ஒரு குறி உண்டு. நோவில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதே அக்குறி. இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். ஒருநாள் சிவப்பாகப் போகும்; மறுநாள் தெளிந்துவிடும். உடம்புச் சூடு என்பார்கள்; சீரகத் தண்ணீர் குடிப்பார்கள்; இளநீர் குடிப்பார்கள். தெளிந்ததும் சூடு தணிந்தது என்று மகிழ்வார்கள். தெளிவது இந்நோயின் இயல்பேயன்றிக் குணத்தின் அடையாளமன்று.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. சிறுநீர் சிவப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இராது. கல்லாலும் கிருமியாலும் அவ்வாறாகும். நம் ஊரில் விளையும் பீட்ரூட்டை உண்டாலும் சிவக்கும். ஆனால் எது எதனால் என்று லயத்தில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. ஒருமுறை கண்டாலும் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பெண்களிடம் இதனைக் கிருமித் தொற்று என்றே திரும்பத் திரும்ப மருந்து கொடுத்துக் காலங் கடத்திவிடுவது பல நாடுகளிலும் உண்டு. இருமுறை மருந்தெடுத்தும் இரத்தம் நிற்கவில்லையென்றால், பெரிய வைத்தியசாலைக்கு எழுதித் தாருங்கள் என்று தாய்மார்கள் துணிந்து கேட்க வேண்டும்.

மறைப்பதால் வரும் கேட்டினை முன்னோர் அறிந்திருந்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை நெஞ்சில் வைத்துப் பல்லாண்டு உழைத்து, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். 1955ஆம் ஆண்டில் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு தொண்டாற்றினார். வினைப்பயன் என்று ஒதுங்கி நிற்காமல், நோயைப் பெயர் சொல்லி அழைத்து எதிர்கொண்டவர்கள் அவர்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நமது மன்றம் செய்யத்தக்கவை மூன்று உண்டு.

முதலாவது, புகை. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது நம் நாட்டில் குற்றம். சட்டம் கடைக்காரருக்கு, சங்கற்பம் நமக்கு. மன்றத்து உறுப்பினர் எவரும் புகைப்பதில்லை என்ற நிலை நம்மிடையே உருவாக வேண்டும். ஏற்கெனவே புகைப்பவர்கள் இன்று விட்டாலும் ஆபத்து ஆண்டுதோறும் குறையும்.

இரண்டாவது, வைத்தியசாலைத் துண்டு. கட்டியைச் சுரண்டிய பின்னர் நோயியல் வைத்தியர் எழுதும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதனை மடித்து அரிசிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று மூன்று கேள்விகளை வைத்தியரிடம் பணிவாகக் கேட்க வேண்டும். கலங்களின் தோற்றம் சாதுவானதா, கொடியதா? வேர் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது? எடுத்த துண்டில் தசையும் சேர்ந்திருந்ததா? மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. துண்டில் தசையே இல்லையென்றால், தசையில் நோயில்லை என்று எப்படிச் சொல்வது? அப்படியானால் இன்னொருமுறை சுரண்டிப் பார்க்க வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

மூன்றாவது, துணை. அடுத்த பரிசோதனை எந்தத் திகதியில் என்பதை, நோயாளியின் சம்மதத்தோடு, அவர் விரும்பும் ஒரே ஓர் இளைஞர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அந்நாளில் நினைவூட்டட்டும், இயன்றால் உடன் போகட்டும். மொழி தெரியாத பெரியவருக்கு நாவாக நிற்கட்டும். மார்கழிப் பசனைக்கு விடியற்காலையில் எழுந்து வரும் நம் இளைஞர்களுக்கு, மூன்று மாதத்துக்கொரு நாள் ஒரு முதியவரோடு முதல் பஸ் ஏறுவது பெரும் பாரமாகாது. அடியாருக்குச் செய்யும் தொண்டு ஆண்டவனுக்குச் செய்யும் தொண்டு என்று மேடையில் சொல்கிறோம். அதற்கு இதைவிட எளிய வழி வேறு உண்டா?

புரதங்களின் மொழியை ஆய்வுகூடத்து அறிஞர்கள் மேலும் மேலும் தெளிவாகப் படித்து வருகிறார்கள். இன்று விஞ்ஞானம் கற்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை அவ்வரிசையில் நிற்கக் கூடும். நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கின்றேன். அதுவரையில், கண்ட குறியை மறைக்காமற் சொல்வதும், குறித்த நாளில் தவறாமற் போவதும் நம் கையில் உள்ளவை.